செவ்வாய்க்கிழமை மாத்திரை

நல்லம்பள்ளிச் சந்தையில் ஆடு வாங்கி விற்கிற ஆம்பளைகள் வாய்விட்டு விலை பேசமாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கையையும் மூடிக்கொள்வார்கள். விரலைப் பிடிப்பது, மடக்குவது, தட்டிவிடுவது என்று எல்லா வியாபாரமும் துண்டுக்குள்ளேயே நடந்து முடியும். பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்த்து யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படிப்பட்ட சந்தையில் தீர்த்தம்மாள் காலமெல்லாம் வாயாலேயே ஆடு விற்றாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில், வீட்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாகச் சந்தைக்கு வந்தபோது அவளும் துண்டுக்குள்தான் கையை நீட்டினாள். பேரம் முடிந்த பிறகும் எதிரே நின்ற தரகன் கையை விடவில்லை. தீர்த்தம்மாள் துண்டை உருவிக் கீழே போட்டாள். பிடித்திருந்தவன் கையைச் சந்தை முழுக்கப் பார்க்கும்படி மேலே தூக்கி, "இந்தக் கைக்கு என்னா வெல குடுப்பீங்க, யாராச்சும் சொல்லுங்க" என்றாள். தரகன் அந்த வருஷம் முழுக்கப் பாலக்கோட்டுப் பக்கம்தான் வியாபாரம் பார்த்தான். அன்றிலிருந்து அவள் துண்டைத் தொட்டதில்லை. விலையைக் கத்திச் சொல்வாள். கேட்பவனும் கத்தித்தான் கேட்க வேண்டும்.

நல்ல வாய்தான் அது. குறைத்துக் கேட்பவனின் பாட்டன் காலத்துக் கஞ்சத்தனம் வரைக்கும் இழுத்து விடுவாள். அவன் சிரித்துவிட்டால் ஆடு விற்ற மாதிரி. ஆட்டின் வாயைப் பிளந்து கீழ்வரிசையைக் காட்டி, "ரெண்டு பல்லுதான் போட்டிருக்குது, நல்லாப் பாத்துக்க, நாளைக்கு வந்து கெழட்டு ஆடுன்னு சொல்லக்கூடாது" என்பாள். அவளுடைய பற்கள் இந்தப் பக்கத்து மனிதர்கள் எல்லோருக்கும் இருப்பது போலப் பழுப்புக் கறை படிந்தவை. போர் போட்டு எடுக்கிற ஃப்ளோரைடு தண்ணீரின் உபயம். வெளியூர்க்காரர்கள் பல்லைப் பார்த்தே தருமபுரியா என்று கேட்பார்கள். அதற்காக அவள் ஒருநாளும் வாயைப் பொத்திச் சிரித்தவள் இல்லை.

அதியமான்கோட்டைக்கு மேற்கே, காட்டுக்கு நடுவில் நாலைந்து வீடுகள் சேர்ந்த ஒரு கொட்டாயில் அவளும் புருஷன் சென்றாயனும் இருந்தார்கள். மகள் அன்பரசியை ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. சென்றாயன் அதிகம் பேசாத மனிதர். வீட்டுக்குத் தேவையான பேச்சை அவளே பேசிவிடுவதால் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று என்று ஊரில் கேலி செய்வார்கள். தீர்த்தம்மாளுக்கும் அது தெரியும். அவர் மனசில் இருப்பது கையில் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் சந்தைக்குக் கிளம்பும் முன்பே ஆடுகளுக்குக் கயிறு மாட்டித் தண்ணீர் காட்டி வைத்திருப்பார். அந்த வீட்டில் அன்பு என்பது அப்படித்தான் வந்து போகும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முரட்டுக் கிடா கயிற்றை வெடுக்கென்று இழுத்ததில் தீர்த்தம்மாள் குப்புற விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர், இப்படி விழுந்ததற்கு இந்த எலும்பு உடைந்திருக்கக் கூடாது என்று சொல்லி ஏதோ பரிசோதனை எடுத்தார். எலும்பில் வலு குறைந்து போயிருக்கிறது, இனி வாரம் ஒரு மாத்திரை போட வேண்டும் என்றார். வெறும் வயிற்றில், ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக் கூடாது. மறக்காத கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வருஷம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

மறக்காத கிழமை என்றால் செவ்வாய்தான். அது சந்தை நாள். விடிவதற்கு முன்பே சென்றாயன் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் சொம்புமாக வந்து நிற்பார். அவள் விழுங்கிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடப்பாள். அரைமணி நேரம் படுக்காமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி எது? டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் இம்மி பிசகாமல் செய்தார்கள், கடைசியாகச் சொன்னதைத் தவிர. கை நேராகிவிட்டது, பிறகு எதற்கு டாக்டர்? மாத்திரை தீரும்போதெல்லாம் சென்றாயன் காலி அட்டையைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் நீட்டுவார். அதே மாதிரி ஒன்று கைக்கு வரும். இடையில் ஒருமுறை ஆட்டுப்பட்டியில் வழுக்கி விழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்தவளிடம் சென்றாயன், "பாத்தியா, மாத்திர" என்றார். அவர் அவ்வளவு பெருமையாக எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை.

போன வருஷம் பொங்கல் கழிந்து இடதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. வலி காதுக்குள் போயிற்று. தருமபுரிக்குப் போனார்கள். பல் டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடலாம் என்றார். பிடுங்கும் முன், "சுகர், பிரஷர், இருதயக் கோளாறு ஏதாச்சும் இருக்குதாம்மா? மாத்திர எதுனா சாப்புடறீங்களா?" என்று கேட்டார்.

"ஒன்னும் கெடையாதுங்க. ஆட்டுப் பின்னால ஓடற ஒடம்பு" என்றாள் தீர்த்தம்மாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்றாயனும் ஆமாம் என்று தலையாட்டினார். பொய் சொல்ல வேண்டுமென்று இருவரும் நினைக்கவில்லை. மாத்திரை என்றால் நோயாளி தின்பது. அவர்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை மாத்திரை என்பது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி ஆகிப்போயிருந்தது. குளிக்கிறாயா என்று கேட்டால் யார் வியாதிக் கணக்கில் சேர்ப்பார்கள்? டாக்டர் கேட்கத்தான் செய்தார். இவர்களும் தெரிந்ததைச் சொன்னார்கள். அந்த இடத்தில் யாராவது ஒருவர் இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. புண் ஆறவில்லை.

மாதங்கள் போயின. பல் இருந்த குழி மூடவே இல்லை. உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளித்தாள். கிராம்பை அடக்கினாள். மெல்ல முடியாமல் போனது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காரணம் களி. எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்வதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். மென்றால் களி திங்கத் தெரியாதவன் என்று சிரிப்பார்கள். தீர்த்தம்மாள் மூன்று வேளையும் களி தின்றாள். தட்டு காலியாவதைப் பார்த்துச் சென்றாயனும் நிம்மதியாக இருந்தார். வேறு ஊராக இருந்திருந்தால் முதல் மாதமே சோற்றுத்தட்டு காட்டிக் கொடுத்திருக்கும்.

பக்கத்து வீட்டு ராணியம்மாள்தான் முதலில் கேட்டாள். தீர்த்தம்மாள் வாயைத் திறந்து காட்டினாள். ராணியம்மாள் ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது தண்ணி பண்ற வேலதான் தீர்த்தம்மா. பல்லத் தின்னுச்சு, இப்ப எலும்புக்கு வந்துட்டுது. குழாயில ஒகேனக்கல் தண்ணி வர்றப்ப நீ என்னாத்துக்கு இன்னும் போர் தண்ணியக் குடிக்கறே?"

அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. பல் கறுத்தாலும் முழங்கால் வளைந்தாலும் இடுப்பு பிடித்தாலும் இங்கே குற்றவாளி ஒன்றுதான். முக்கால்வாசி நேரம் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. அதனால் வேறு ஆளைத் தேடும் பழக்கமே எங்களுக்கு இல்லை. சென்றாயன் அன்றைக்கே போர் குழாயை மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். குடிக்கக் கேன் தண்ணீர் வந்தது. புண் அப்படியே இருந்தது.

ஒருநாள் காலை கொப்பளிக்கும்போது நாக்கில் ஏதோ சொரசொரவென்று தட்டியது. விரலை விட்டு எடுத்தாள். உடைத்த புளியங்கொட்டை அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு. ஆடு அறுக்கும் இடத்தில் எத்தனையோ முறை நின்றவளுக்கு அது என்னவென்று சொல்ல ஆள் தேவைப்படவில்லை. உள்ளங்கையில் வைத்துச் சென்றாயனிடம் காட்டினாள். அவளுக்குப் பயம் வந்து சென்றாயன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எலும்பு கரைஞ்சு வருது. வாரத்துக்கு ஒன்னு பத்தல."

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். எலும்புக்கு மாத்திரை, எலும்புதான் உதிர்கிறது, அப்படியென்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதானே? வாரம் ஒன்றுக்கே பட்டியில் விழுந்தவள் முழுசாக எழுந்தாள். தினம் ஒன்று போட்டால் எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு சென்றாயன் எல்லா விடியலிலும் சொம்போடு வந்து நின்றார். அடிக்கடி மருந்துக்கடைக்குப் போனார். நெஞ்சு எரிகிறது என்று அவள் சொன்னபோது இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் அவளுக்காக அவ்வளவு ஓடியாடி எதையும் செய்ததில்லை. அவளுக்கும் அந்த நேரம் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

நாற்றம் அதற்குள் தொடங்கியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. அவளிடம் பல வருஷமாக ஆடு வாங்குகிற, தம்பி வயசுக்கார மாது என்ற வியாபாரி, பேசும்போது ஓர் எட்டு தள்ளி நின்றார். அடுத்த வாரம் இரண்டு எட்டு. துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினார். "கிடா வாசன உனக்கு இன்னைக்குத்தான் புதுசா?" என்று தீர்த்தம்மாள் கேலி செய்தாள். மாது சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அன்று ஆட்டின் வாயைப் பிளந்து காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே விட்டுவிட்டு முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மிச்ச ஆடுகளை மாது கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வாய் போனால் சந்தை போயிற்று, சந்தை போனால் நான் யார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். சென்றாயனிடம் அதைச் சொல்லவில்லை. நாளைக்கு மாத்திரை வேலை செய்யும் என்று நம்பினாள்.

ஆடிப்பெருக்குக்கு அன்பரசி வந்தாள். அதற்குள் இடது தாடை வீங்கி, தாடைக்கு அடியில் ஓர் ஓட்டை விழுந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவள் உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றாள். ஏதோ செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தாளாம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அழுதாள். "போன்ல பேசறப்பெல்லாம் நல்லாத்தான இருக்கேன்னு சொன்னே" என்றாள். போனில் நாற்றம் வருவதில்லை. மறுநாளே மூன்று பேரும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் அவர்கள் இருக்கைக்கு முன்னும் பின்னும் யாரும் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். படம் எடுத்தார்கள். தாடை எலும்பு கடைவாயிலிருந்து முகவாய்க்கட்டை வரைக்கும் செத்துப்போயிருந்தது. ஓரிடத்தில் தானாகவே முறிந்தும் இருந்தது. டாக்டர் என்னென்ன மாத்திரை என்று கேட்டார். தீர்த்தம்மாள் பழையபடி ஒன்றும் இல்லை என்று கையை விரித்தாள்; எலும்புக்கு வலு கொடுப்பதை அவள் இன்னும் மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்பரசிதான் பையைக் கவிழ்த்தாள். துணிமணிகளோடு மாத்திரை அட்டைகளும் மேசையில் விழுந்தன. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது என்று சென்றாயன் எடுத்து வைத்திருந்தார்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாத்திர கெட்டது இல்லம்மா. எத்தனையோ பேருக்கு இடுப்பு ஒடையாமக் காப்பாத்துது. ஆனா இது பழைய எலும்பக் கரைய விடாமப் புடிச்சு வெக்கும். பல்லு புடுங்குன எடத்துல பழைய எலும்பு கரைஞ்சாத்தான் புதுசு வரும். உங்களுக்கு அது நடக்கல. அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். பல்லு டாக்டர்கிட்ட இதச் சொல்லியிருந்தீங்கன்னா அவரு யோசிச்சிருப்பாரு." அட்டைகளின் குவியலை மறுபடி பார்த்தார். "வாரத்துக்கு ஒன்னுக்கு இவ்வளவு எதுக்கு?"

"தெனமும் போடறாங்க" என்றாள் அம்மா சொல்லக் கேட்டிருந்த அன்பரசி, அது தப்பென்று தெரியாமல்.

"தெனமுமா? யாரு சொன்னது?"

மூலையில் நின்ற சென்றாயன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். அந்த மனிதருக்கு வார்த்தை வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தீர்த்தம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். வீங்கிய தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, சந்தையில் விலை சொல்வது போல உரக்கச் சொன்னாள்.

"நாந்தாங்க. நானேதான் தின்னேன். இவருக்குத் தெரியாது."

அவள் வாயிலிருந்து மற்றவர்களுக்குப் புரியும்படி வந்த கடைசிப் பேச்சு அதுதான்.

இடதுபக்கத் தாடையை வெட்டி எடுத்தார்கள். ஒரு தகட்டை வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்தார்கள். ஓட்டை மூடியது, நாற்றம் போயிற்று, உயிர் இருந்தது. முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. கீழுதட்டில் உணர்ச்சி இல்லை. எச்சில் வடிவது அவளுக்கே தெரியாது. நாக்கு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அவள் பேசினால் ஒரு முனகல்தான் கேட்டது. போகப் போகக் கொஞ்சம் தெளியும் என்றார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்டாள். யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன் சென்றாயன் சொம்போடு வந்து நின்றார். மறு கை வெறுமையாக இருந்தது. பழக்கத்தில் வந்துவிட்டார் போல. திரும்பிப் போகவும் முடியாமல் நின்றார். அவள் சொம்பை வாங்கிக் குடித்தாள். பாதித் தண்ணீர் இடது ஓரம் வழியாக மார்பில் வடிந்தது. அவர் துண்டால் துடைத்தார்.

"அங்க என்னாத்துக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டார்.

அவள் பதில் சொன்னாள். நீளமான பதில். மாத்திரை நல்லது என்று நானும்தானே நம்பினேன், நீ நீட்டினாய், நான் விழுங்கினேன், இதில் உன் பங்கு என் பங்கு என்று பிரிக்க என்ன இருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். கடைசியில் அவரைக் கொஞ்சம் திட்டவும் செய்தாள். சென்றாயன் முழுவதையும் கேட்டுவிட்டு, "ம்" என்றார். ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியவில்லை என்பது அந்த "ம்"மிலேயே தெரிந்தது. அவள் மறுபடி சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஆடுகளை விற்றாக வேண்டியிருந்தது. முந்தின வாரம் சென்றாயன் தனியாக ஓட்டிக்கொண்டு போய், யாரிடமும் வாயைத் திறக்காமல் அத்தனையையும் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தச் செவ்வாய் தீர்த்தம்மாள் முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு கூடவே நடந்தாள். சந்தையில் அவளைப் பார்த்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். முன்பு அவள் கத்தலுக்கு நகர்வார்கள்.

மாது வந்தார். இந்தமுறை பக்கத்திலேயே வந்து நின்றார். "எப்படிக்கா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு கிடாவின் வாயைப் பிளந்து பார்த்தார். அவள் விலையைச் சொன்னாள். மாது குனிந்தார். மறுபடி சொன்னாள். சுற்றிலும் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மூன்றாவது முறை கத்தினாள். எச்சில் தெறித்தது. பக்கத்தில் நின்ற ஓர் ஆட்டுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்தது. மாது சென்றாயனைப் பார்த்தார்.

சென்றாயன் உதட்டை நனைத்துக்கொண்டு, அவள் சொன்னதாக நினைத்து ஒரு விலையைச் சொன்னார். அவள் சொன்னதில் பாதி. "அவ்வளவுதானாக்கா?" என்றார் மாது, நம்ப முடியாமல். மாது நல்ல மனிதர்தான். ஆனாலும் வியாபாரி. அந்த விலைக்கு முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு அவர் முகத்தில் வந்துவிட்டுப் போனதைத் தீர்த்தம்மாள் பார்த்தாள். எத்தனை முகங்களில் அவள் அதைப் பார்த்துப் பந்தாடியிருக்கிறாள்.

அவள் சென்றாயனின் தோளிலிருந்து துண்டை உருவினாள். காலையிலிருந்து அவள் வாயைத் துடைத்துத் துடைத்து ஒரு பக்கம் நனைந்திருந்தது. காய்ந்த பக்கத்தைத் தன் வலது கையின் மேல் போட்டு மூடி, மாதுவின் பக்கம் நீட்டினாள்.

சந்தை அந்த இடத்தில் கொஞ்சம் அடங்கிப்போயிற்று. அவளை அந்தக் காலத்திலிருந்தே அறிந்த கிழவர்கள் இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாது தயங்கினார். பிறகு துண்டுக்குள் கையை விட்டார். அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள், மடக்கினாள், ஒருமுறை கோபமாகத் தட்டிவிட்டாள், திரும்பப் பிடித்தாள். விலை முடிந்ததும் மாது கையை உடனே எடுத்துக்கொண்டார். கிடாவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். தீர்த்தம்மாள் என்ன விலைக்கு விற்றாள் என்பது முதன்முறையாகப் பக்கத்தில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. சென்றாயனுக்கும் தெரியவில்லை.